மைனர் யார், மேஜர் யார்: வயதும் வழக்கும்

1

தமிழில் 'மைனர்' என்கிற சொல்லுக்கும் வயசுக்கும் சம்பந்தமே கிடையாது. சில்க் ஜிப்பா, கழுத்தில் மைனர் செயின், அப்பன் சேர்த்து வைத்ததை அழிக்கிற கை, இவ்வளவும் இருந்தால் நாற்பது வயசு ஆளும் ஊருக்கு மைனர்தான். 'மேஜர்' வேறொரு இடத்தில் புழங்குகிற சொல். வீட்டைவிட்டு வந்து மாலையும் கழுத்துமாகக் காவல் நிலையத்தில் நிற்கிற ஜோடியிடம் ரைட்டர் கேட்கிற முதல் கேள்வி, "பொண்ணு மேஜரா?" சொத்துள்ள வீட்டுப் பிள்ளையிடம் ஒரு சொல்லும், சொந்த முடிவெடுத்த பெண்ணிடம் இன்னொரு சொல்லும் போய் ஒட்டிக்கொண்டது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன். குழந்தைகள் தொடர்பான நம் சட்டங்களின் வரலாறு முழுவதும் இந்த இரண்டு சொற்களுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது.

வயது என்பது இயற்கை, அதைச் சட்டம் எண்ணிப் பார்க்கிறது, அவ்வளவுதான் என்று பொதுவாக நம்பப்படுகிறது. 18 முடிந்தால் மேஜர், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது? பேச நிறைய இருக்கிறது. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை வளர்ந்துவிடுகிறது. அப்போது அந்த வழக்கு என்ன ஆகிறது? நூற்றைம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்விக்கு நம் நீதிமன்றங்களும் சட்டமன்றங்களும் ஒரே பதிலைச் சொன்னதில்லை. பதில்கள் மாறிய விதத்தில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. குழந்தைமீது யாராவது உரிமை கொண்டாட வேண்டிய இடத்தில் மைனர் பருவம் நீள்கிறது. குழந்தைக்கு யாராவது பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் அது சுருங்குகிறது. இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

2

1875ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டத்திலிருந்து தொடங்கலாம். அதற்கு முன்பு இந்து சட்டப்படி பதினாறோடு மைனர் பருவம் முடிந்தது. 1875இல் அது 18 ஆயிற்று. ஆனால் எல்லாருக்கும் இல்லை. நீதிமன்றம் ஒரு மைனருக்குக் காப்பாளரை நியமித்திருந்தாலோ, அவனுடைய சொத்தைக் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' தன் நிர்வாகத்தில் எடுத்திருந்தாலோ அவன் 21 வயது முடியும்வரை மைனர். இந்த இரட்டை அளவுகோல் 1999இல்தான் நீக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் ஐம்பது வருஷம் அது சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருந்தது.

அதே சட்டம் எதைத் தொடவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். திருமணம், மஹர், மணமுறிவு, தத்து ஆகியவற்றுக்கு இந்த வயது வரம்பு பொருந்தாது என்று அது ஒதுங்கிக்கொண்டது. பத்து வயசுப் பெண்ணைக் கட்டிக்கொடுப்பதில் 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. அதே பெண் ஒரு கிரயப் பத்திரத்தில் கைநாட்டு வைத்தால்தான் அது செல்லாது. ஆக, மேஜர் என்கிற வரையறை பிறந்தது குழந்தையின் பாதுகாப்புக்காக அல்ல, சொத்தின் பாதுகாப்புக்காக.

ராமநாதபுரம் ஜமீனை எடுத்துக்கொள்வோம். 1873இல் சேதுபதி இறந்தபோது வாரிசான பாஸ்கர சேதுபதி ஐந்து வயசுக் குழந்தை. ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் கைக்குப் போனது. பையனுக்கு ஆங்கில ஆசிரியர், சென்னையில் படிப்பு, எஸ்டேட்டுக்கு அரசாங்க நிர்வாகம். 21 முடிவதை ஒட்டி, 1889இல் ஜமீன் அவர் கைக்கு வந்தது. கடனில் இருக்கிற எஸ்டேட்டை ஒழுங்கு பண்ணி, கிஸ்தி தவறாமல் வருகிற நிலையில் ஒப்படைப்பதற்கு அரசுக்கு அந்தக் கூடுதல் மூன்று வருஷம் பயன்பட்டது. நம்ம ஊர் 'மைனர்' இந்த ஏற்பாட்டின் குழந்தை என்பது என் அனுமானம். வளர்ந்த ஆள், கையில் காசு, ஆனால் சட்டத்தின் கண்ணில் இன்னும் பிள்ளை.

இப்படிப்பட்ட இளம் ஜமீன்தார்களைத் தங்க வைத்துப் படிக்க வைக்கச் சென்னை தேனாம்பேட்டையில் நியூவிங்டன் இல்லம் இருந்தது. 1919 அக்டோபரில் அதன் முதல்வராக இருந்த ஆங்கிலேயர் தூக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள்மேல் சந்தேகம் விழுந்தது. ஒருவர் அப்ரூவராக, மற்றவர்மீதான விசாரணை பம்பாய்க்கு மாற்றப்பட்டு விடுதலையில் முடிந்தது. யார் சுட்டார்கள் என்பது இங்கே நம் விஷயமில்லை. குற்றம் சாட்டப்பட்ட மைனருக்கு வக்கீல், வேறு மாகாணத்தில் விசாரணை, பத்திரிகைகளின் கவனம் எல்லாம் கிடைத்தன. அதே காலத்தில் குற்றம் சாட்டப்பட்ட ஏழைப் பையன்களுக்குச் செங்கல்பட்டில் 1887இல் தொடங்கப்பட்ட சீர்திருத்தப் பள்ளி இருந்தது. 1897ஆம் ஆண்டுச் சீர்திருத்தப் பள்ளிச் சட்டப்படி அங்கே அவனை 18 வயதுவரைதான் வைத்திருக்கலாம். ஜமீன் பையனுக்கு 21, திருட்டு கேஸ் பையனுக்கு 18. சொத்து இருந்தால் அரசின் அரவணைப்பு மூன்று வருஷம் கூடுதல்.

3

அதே செங்கல்பட்டில், மாவட்ட நீதிமன்றத்தில், 1912 அக்டோபரில் ஒரு தகப்பன் வழக்குப் போட்டார். ஜிட்டு நாராயணய்யா, ஓய்வுபெற்ற அரசு ஊழியர், அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் வேலை பார்த்தவர். 1910 மார்ச்சில் தம் இரண்டு மகன்களையும் வளர்க்கும் பொறுப்பை அன்னி பெசன்ட் அம்மையாருக்கு எழுத்து மூலம் கொடுத்திருந்தார். மூத்தவர் ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1895 மே மாதம் மதனப்பள்ளியில் பிறந்தவர். இளையவர் நித்யானந்தா. மூத்த பையனை வரப்போகிற உலக குருவாக சொசைட்டி அறிவித்துக்கொண்டிருந்தது. பையன்கள் 1912இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். தகப்பன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்.

வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது. நாராயணய்யாவுக்காக சி.பி. ராமசாமி ஐயர் வாதாடினார், பெசன்ட் தமக்குத் தாமே வாதாடினார். இரண்டு பக்கமும் பையன்களுடைய ஒழுக்கம், ஆன்மா, சாதி, எதிர்காலம் என்று எல்லாவற்றையும் பேசினார்கள். நாள்காட்டியைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. ஆனால் நாள்காட்டிதான் அங்கே முக்கியம். 1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் பையன்களை நீதிமன்றத்தின் பாதுகாப்புக்கு உட்பட்டவர்களாக அறிவித்து, அவர்களைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னார். அடுத்த மாசம் மூத்தவருக்கு 18 முடிகிறது. ஒரே ஒரு மாசம் தாமதித்திருந்தால் அவர் மேஜர், அவரைப் பொறுத்தவரை வழக்கு காலி. நீதிமன்றம் தலையிட்டுக் காப்பாளரை அறிவித்துவிட்டால் 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மைனர் பருவம் 21 வரை, அதாவது 1916 மே வரை போய்விடும். ஒரு கையெழுத்தில் ஒரு மனிதனின் வாழ்க்கையில் மூன்று வருஷம் மைனர் பக்கத்துக்கு நகர்ந்தது.

உயர் நீதிமன்ற மேல்முறையீட்டிலும் பெசன்ட் தோற்றார். லண்டன் பிரிவி கவுன்சிலில் 1914 மே மாதம் தீர்ப்பு தலைகீழானது. பையன்கள் செங்கல்பட்டு மாவட்டத்தில் வசிக்கவில்லை, ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை. தகப்பன் உயிரோடு இருக்கிறார், தகுதியற்றவர் என்று யாரும் சொல்லவில்லை, அப்படியிருக்க காப்பாளர் அறிவிப்பே சட்டப்படி நிற்காது. இவற்றோடு இன்னொன்றையும் கவுன்சில் சொன்னது: பையன்களின் நலனும் விருப்பமும் கணக்கில் எடுக்கப்படவே இல்லை, அவர்களை யாரும் கேட்கவில்லை. வேண்டுமானால் தகப்பன் இங்கிலாந்து நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று கதவைத் திறந்து வைத்தது. ஆனால் மூத்தவருக்கு அந்த மாசம் 19 முடிகிறது. திறந்த கதவுக்குப் பின்னால் ஆள் இல்லை.

இந்த வழக்கைத் தியசாபியின் வரலாறாகவும், பிராமணத் தகப்பனுக்கும் வெள்ளைக்கார அம்மாவுக்குமான மோதலாகவும் எழுதியிருக்கிறார்கள். நான் அதை வயதின் வரலாறாகப் படிக்கிறேன். பெற்றவர் ஒரு பக்கம், இயக்கம் இன்னொரு பக்கம், இருவருக்கும் அந்தப் பையன் வேண்டும். அதனால்தான் அவன் மைனராகவே இருக்க வேண்டியிருந்தது. மூன்று நீதிமன்றங்களில் கடைசி ஒன்றுதான் அவனைக் கேட்டாயா என்று கேட்டது. அதற்குள் அந்தக் கேள்விக்கே அவசியமில்லாமல் போய்விட்டது. தோளுக்கு மிஞ்சினால் தோழன் என்று வீட்டில் சொல்கிறோம். நீதிமன்றம் தோளுக்கு மிஞ்சும்வரை காத்திருந்துவிட்டுத்தான் தோழனாகிறது.

4

இனி யாருக்கும் வேண்டாத பிள்ளைகளின் பக்கம் வருவோம். 1920இல் சென்னை மாகாணம் குழந்தைகள் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இந்த வகையில் அதுவே முதல். வங்கமும் பம்பாயும் பின்னால் வந்தன. குழந்தைக்குத் தனி நீதிமன்றம், சிறைக்குப் பதில் பள்ளி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டங்கள் எல்லாம் ஒரு அனுமானத்தின் மேல் நிற்கின்றன: வழக்கு முடியும்போதும் குழந்தை குழந்தையாகவே இருக்கும் என்பது. நம் நீதிமன்றங்களைத் தெரிந்தவர்களுக்கு இது எப்பேர்ப்பட்ட கற்பனை என்று சொல்லத் தேவையில்லை.

1981இல் உத்தரப்பிரதேச வழக்கு ஒன்று உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. குற்றம் நடந்தபோது சிறுவன், இப்போது 23 வயது. சட்டப்படி சிறுவர் பள்ளிக்குத்தான் அனுப்ப வேண்டும், 23 வயசுக்காரனை எந்தப் பள்ளியில் சேர்ப்பது? குற்றத் தீர்ப்பை வைத்துக்கொண்டு தண்டனையை ரத்து செய்து விட்டுவிட்டார்கள். பின்னால் பல வழக்குகளில் இதே வழி. இதைப் பார்த்துக் 'கொலைகாரன் தப்பிச்சுட்டான்' என்று சொல்கிறவர்கள் உண்டு. சரி, அப்படியே வெச்சுக்குவோம். அவன் அதுவரை எங்கே இருந்தான்? பெரியவர்களோடு சிறையில், அல்லது ஜாமீனில் வாய்தா வாய்தாவாக. அவனுக்குக் கிடைக்க வேண்டிய பள்ளியும் கிடைக்கவில்லை, கொலையுண்டவர் குடும்பத்துக்கு நியாயமும் கிடைக்கவில்லை. யாரும் எதையும் தீர்க்காமலே, பையன் வளர்ந்த காரணத்தால் வழக்கு தீர்ந்துவிட்டது.

(இந்த வழக்குகளின் பெயர்களை நான் எழுதவில்லை. குழந்தையின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்கிறது சட்டம். அதே குழந்தையின் பெயரைத் தலைப்பாகப் போட்டுத்தான் சட்டத் தொகுப்புகள் அச்சாகின்றன.)

தாமதமே தண்டனை என்பதை 1986இல் ஷீலா பார்ஸே வழக்கில் உச்ச நீதிமன்றம் ஓரளவு ஒப்புக்கொண்டது. ஏழாண்டுக்கு மிகாத தண்டனைக்குரிய குற்றம் என்றால் குழந்தைமேல் மூன்று மாசத்தில் புலன்விசாரணை முடிய வேண்டும், ஆறு மாசத்தில் வழக்கு முடிய வேண்டும், இல்லாவிட்டால் கைவிட வேண்டும். அதே ஆண்டு நாடு முழுக்க ஒரே சிறார் நீதிச் சட்டம் வந்தது. ஆண் பிள்ளைக்கு 16, பெண் பிள்ளைக்கு 18.

எந்தத் தேதியில் 16? இந்தச் சின்னக் கேள்வியில்தான் ஆயிரக்கணக்கான பையன்களின் வாழ்க்கை தொங்கியது. குற்றம் நடந்த தேதி என்று 1982இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2000இல் அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, நீதிமன்றத்தில் முதன்முதலாக ஆஜர்படுத்திய தேதி என்றது. இதன் பொருளைப் பேச்சுத் தமிழில் சொன்னால்: போலீஸ் ஒரு மாசம் கழிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தா பையன் பெரியாளு. வயதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இயற்கையிடமிருந்து காவல் நிலையத்துக்கு மாறியது. 2005இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் திருத்தி, குற்றம் நடந்த தேதிதான் என்று முடிவு கட்டியது. 2000ஆம் ஆண்டுச் சட்டம் இரு பாலருக்கும் 18 என்று ஆக்கியிருந்தது. 2006 திருத்தம், சிறுவன் என்ற கோரிக்கையை எந்த நீதிமன்றத்திலும், எந்தக் கட்டத்திலும், வழக்கு முடிந்த பின்னும் எழுப்பலாம் என்றது. 2015 சட்டமும் அதை வைத்துக்கொண்டது. ஆனால் 2012 தில்லி வன்கொடுமைக்குப் பிறகு எழுந்த ஆவேசத்தில், கொடுங்குற்றம் என்றால் 16 முதல் 18 வரை உள்ளவரை மதிப்பிட்டுப் பெரியவராக விசாரிக்கலாம் என்ற வாசலையும் அதே சட்டம் திறந்தது. பொறுப்பேற்க வேண்டிய இடத்தில் வயது மறுபடியும் சுருங்கியது.

எந்தக் கட்டத்திலும் எழுப்பலாம் என்பது காகிதத்தில் பெரிய வெற்றி. நடப்பில் என்ன ஆகிறது? டேராடூனில் 1994இல் நடந்த கொலைகளில் மரண தண்டனை பெற்ற ஒருவரை 2025 ஜனவரி 8 அன்று நீதிபதிகள் எம்.எம். சுந்தரேஷ், அரவிந்த் குமார் அமர்வு விடுவித்தது. குற்றம் நடந்தபோது அவருக்கு 14 வயது. 2001இல் விசாரணை நீதிமன்றத்தில் கொடுத்த வாக்குமூலத்திலேயே தமக்கு 20 வயது என்று சொல்லியிருக்கிறார். கழித்துப் பார்த்தால் போதும், கணக்கு வந்துவிடும். யாரும் கழித்துப் பார்க்கவில்லை. வங்கிக் கணக்கு வைத்திருக்கிறான், ஆகவே மேஜர் என்று முடிவு செய்தார்கள். உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், மறுசீராய்வு எல்லாம் தாண்டி, 2012இல் குடியரசுத் தலைவர் தூக்கை ஆயுளாகக் குறைத்தார். சுமார் 25 ஆண்டு சிறைக்குப் பிறகு, தவறு ஒவ்வொரு கட்டத்திலும் நீதிமன்றங்களுடையதே என்று நீதிமன்றமே சொன்னது. 2023இலும் இப்படி ஒரு விடுதலை. புனேயில் 1994இல் நடந்த கொலைகளுக்காகத் தூக்குத் தண்டனை பெற்றவர், அப்போது 12 வயது ஆறு மாசம், 28 ஆண்டுகளுக்கு மேல் உள்ளே.

நம் கிராமங்களில் வயசு எப்படி எழுதப்பட்டது என்று தெரிந்தவர்கள் இதில் ஆச்சரியப்பட மாட்டார்கள். பெரிய புயல் அடிச்ச வருஷம் பொறந்தவன், தலைக்கு மேல கையைச் சுத்திக் காதைத் தொட்டவன், பள்ளிக்கூடத்தில் வாத்தியார் போட்ட தேதிக்காரன். சட்டம் முதலில் கேட்பது பள்ளிச் சான்று, அடுத்து உள்ளாட்சியின் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லையென்றால் எலும்புச் சோதனை. எலும்புச் சோதனையில் இந்தப் பக்கம் இரண்டு வருஷம், அந்தப் பக்கம் இரண்டு வருஷம் பிசகலாம் என்று நீதிமன்றங்களே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ராமநாதபுரம் வாரிசின் பிறந்த நாள் எல்லாருக்கும் தெரியும். தூக்கு மேடை நிழலில் நின்ற பையனின் பிறந்த நாள் முப்பது வருஷம் யாருக்கும் தெரியாது. வயதும் ஒரு சொத்துதான், பத்திரம் உள்ளவனுக்கே செல்லும்.

5

குற்றம் சாட்டப்பட்ட பிள்ளைக்காவது இவ்வளவு வாதம் நடந்திருக்கிறது. கைவிடப்பட்ட, அடிக்கப்பட்ட, கொத்தடிமையிலிருந்து மீட்கப்பட்ட பிள்ளையின் நிலை என்ன? அவர்களின் வழக்கு குழந்தைகள் நலக் குழுவின் முன் வருகிறது. நான்கு மாசத்தில் இறுதி உத்தரவு வேண்டும் என்கிறது 2015 சட்டம். விசாரணைக்கு நடுவே 18 முடிந்துவிட்டால்? சட்டத்தின் 5ஆம் பிரிவு, விசாரணையைத் தொடரலாம், அவரைக் குழந்தையாகவே கருதி உத்தரவிடலாம் என்கிறது. ஆனால் யார் தொடரலாம்? 'வாரியம்' என்று இருக்கிறது. அது குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கான சிறார் நீதி வாரியம். நலக் குழுவின் பெயர் அங்கே இல்லை. குற்றவாளி என்று சந்தேகிக்கப்பட்டவனுக்கு 18க்குப் பிறகும் வழக்கு உயிரோடு இருக்கிறது. அநாதை என்று வந்தவனுக்கு அப்படி ஒரு வரிகூட எழுதப்படவில்லை. 'பையன் வளர்ந்துட்டான், ஃபைலை மூடு.'

அதன் பிறகு 46ஆம் பிரிவு இருக்கிறது. இல்லத்தைவிட்டு 18இல் வெளியேறுகிறவருக்கு நிதி உதவி 'வழங்கப்படலாம்'. பின்காப்பு 21 வரை, விதிவிலக்காக 23 வரை. லாம், லாம் என்று முடிகிற சட்டம். ஜமீன் பிள்ளைக்கு 21 என்பது 'லாம்' இல்லை, சட்டம். அதே 21தான் இங்கே கருணையாகச் சுருங்கிக் கிடக்கிறது.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதே நலன் வேறு முகம் காட்டுகிறது. சாதி மாறிக் காதலித்து 17 வயதில் வந்துவிட்ட பெண், பெற்றோரிடம் போக மாட்டேன் என்றால் இல்லத்துக்கு அனுப்பப்படுகிறாள். போனால் உயிருக்கு ஆபத்து என்பது அவளுக்கும் தெரியும், நீதிமன்றத்துக்கும் தெரியும். அதனால் அந்த இல்லம் ஒரு பாதுகாப்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவள் அங்கே நாள் எண்ணுகிறாள். 18 அவளுக்கு விடுதலைத் தேதி. ஒரே 18, ஒருவனைத் தெருவில் விடுகிறது, ஒருத்தியைப் பூட்டைத் திறந்து விடுகிறது. அதுவும் உறுதியில்லை. கேரளத்தின் ஹாதியா வழக்கில் 24 வயதுப் பெண்ணைப் பலவீனமானவள், பெற்றோர் பொறுப்பில் இருக்க வேண்டியவள் என்று கருதி 2017இல் உயர் நீதிமன்றம் அவருடைய திருமணத்தையே ரத்து செய்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது. 1913இல் 18ஐ 21 ஆக்க ஒரு சட்டப் பிரிவாவது தேவைப்பட்டது. நூறு வருஷம் கழித்து, பெண் என்றால் அதுகூடத் தேவைப்படவில்லை.

6

18ஐ 16 ஆக்குவதா, 21 ஆக்குவதா என்று நம் நண்பர்கள் அடிக்கடி விவாதிக்கிறார்கள். எண்ணை மாற்றுவதால் ஒன்றும் ஆகாது என்பது என் கட்சி. எந்த எண்ணை வைத்தாலும் அதை நீட்டவும் சுருக்கவும் கை யாரிடம் இருக்கிறது என்பதே அரசியல். குற்றம் நடந்த தேதிதான் கணக்கு என்று 2005இல் கிடைத்த கொள்கையை நலக் குழுவின் வாசலுக்கும் கொண்டுபோக வேண்டும் என்று கேட்கலாம். பிள்ளை உதவி கேட்டு வந்த தேதிதான் கணக்கு. அன்றைக்கு அவன் குழந்தை என்றால், உத்தரவு வர எத்தனை வருஷம் ஆனாலும் அரசு அந்தக் குழந்தைக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். தாமதத்தின் செலவைத் தாமதித்தவர் கட்டட்டும், வளர்ந்தவன் ஏன் கட்ட வேண்டும்? கூடவே, யாருடைய வழக்கு என்றாலும் அந்தப் பிள்ளையைக் கேட்பது. 1914இல் லண்டனில் சொல்லப்பட்ட அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்னும் நம் மாவட்ட அலுவலகங்களில் நாற்காலி போடப்படவில்லை.

2022 டிசம்பர் 31 அன்று, செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்தில், திருட்டுக் குற்றம் சாட்டிக் கொண்டுவரப்பட்ட ஒரு சிறுவன் தாக்கப்பட்டு இறந்தான். இல்லத்தின் ஊழியர்கள் கைது செய்யப்பட்டார்கள். பிறகு, இல்லங்களைச் சீர்திருத்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தச் சிறுவனுக்கு வயது 17. எந்தத் தேதியை வைத்துக் கணக்குப் பார்த்தாலும் அவன் இனி மேஜராகப் போவதில்லை.